முட்டுக்கம்பி

என் அண்ணன் ரோலி சொல்லும் கதையில், என் கணவர் வெண்டல் மான் வேட்டைப் பரணோடு விழுந்ததற்குக் காரணம் அவருடைய வயிறு.

போன நவம்பரில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து, ஈஸ்டர் வரை ஊன்றுகோலோடு நடந்தார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் கதை ஊரைச் சுற்றி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், பெட்ரோல் பங்கில், சர்ச்சில் காபி குடிக்கும் இடத்தில், ரோலி இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் வளைத்துக் காட்டி, "வெண்டல் ஏறுனான், பரண் என்னால ஆகாதுடான்னு படுத்துருச்சு" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். வெண்டலும் சிரிப்பார். அவர் சிரிப்பதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் நான் சுடும் ஆப்பிள் பை பலகாரத்தைத் தொடவில்லை. பீரை நிறுத்தினார். காலையில் இரண்டு முட்டை என்பது ஒன்றானது. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். செப்டம்பரில் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வாயைத் திறந்தார். இந்த வருஷமும் அவர்தான் ஏறிக் கட்டப்போகிறாராம்.

எங்கள் குடும்பத்துக் காட்டில் அப்படி ஒரு வழக்கம். பரணில் யார் உட்காரப்போகிறாரோ அவரே முதலில் ஏறி, அதன் தலையை மரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். அடுத்தவன் கட்டிக்கொடுத்த பரணில் உட்கார்ந்து மான் சுட்டவனை விஸ்கான்சினில் வேறு எங்கே மதித்தாலும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மதிக்க மாட்டார்கள். எங்களுடையது, மரத்தில் சாய்க்கும் நீள ஏணியின் உச்சியில் இரண்டு பேர் உட்காரும் பெரிய ஏணிப் பரண். அவரும் நானும் உட்காருவோம். நான் ஏறிக் கட்டுகிறேன் என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

துப்பாக்கி வேட்டை சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை, பரணை இடம் மாற்றப் போனோம். ரோலி, அவன் மருமகன் பிரெண்ட், வெண்டல், நான். அவர் விழுந்த பிறகு பரணை மறுபடி சாய்த்துவைத்திருந்த ஆஷ் மரம் வண்டு அரித்துச் செத்துக்கொண்டிருந்தது. மேட்டில் இருக்கும் ஓக் மரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கனத்தைக் கயிறு கட்டித் தரையில் இறக்கிப் படுக்கவைத்து, கழற்றி எடுத்துப் போவதுதான் முறை. ரோலிக்கு முறை என்றாலே அலர்ஜி. மரத்தோடு கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டு, நின்ற நிலையிலேயே காலடியைத் தூக்கி, மரத்துக்கு மரம் நடத்திக்கொண்டு போகலாம் என்றான். படுக்கவைக்கச் சொன்னேன். டிவியில் பேக்கர்ஸ் ஃபுட்பால் ஆட்டம் தொடங்குவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டாமா என்று கேட்டான்.

நடத்தினார்கள். மேலே அந்த உட்காரும் இரும்புத் தட்டு கிளைகளில் இடித்து இடித்து ஆட, கீழே மூன்று ஆண்கள் முகம் சிவந்து தள்ளாட, நான் பின்னால் போய்க்கொண்டே எனக்குத் தெரிந்த அத்தனை கெட்ட வார்த்தைகளையும் சொன்னேன். வெண்டல் உடைந்த காலை இழுத்து இழுத்து வைத்தார். ஒரு தடவை பரண் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிரெண்ட் தோளைக் கொடுத்து நிறுத்தினான். ரோலி அதற்கும் சிரித்தான்.

எப்படியோ ஓக் மரத்தில் சாய்த்தார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கண்ணுக்கு நேரே, ஏணியின் நடுவில், இரண்டு கால்களிலும் ஒவ்வொரு துளை தெரிந்தது. ஆணி இல்லை, மரை இல்லை. ஒன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். கம்பெனிக்காரன் சும்மா போட்ட ஓட்டை என்றான் ரோலி.

பிறகு மேலே கட்டும் நைலான் பட்டையை எடுத்து நீட்டினான். வருஷம் முழுக்க மரத்திலேயே கிடந்த பட்டை. வெயிலில் வெளுத்து, அணில் கடித்து, ஓரமெல்லாம் நூலாகத் தொங்கியது. இதையா என் புருஷன் கையில் கொடுக்கிறாய் என்று சத்தம் போட்டேன். அப்படியானால் கராஜில் புதிது இருக்கிறது, நீயே போய் எடுத்துவா என்றான். நான் வரும்வரை ஏறக்கூடாது என்று வெண்டலிடம் சொல்லிவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரோலியின் கராஜில் பட்டை ஆணியில் தொங்கியது. பக்கத்திலேயே, பரணோடு வந்த வார்ப்பட்டையும் தொங்கியது. தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொண்டு ஏற வேண்டியது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன், அப்போதுதான் அந்த மானைப் பார்த்தேன்.

முன்பே தொடங்கிவிடும் வில் அம்பு சீசனில் பிரெண்ட் அடித்த பெண்மான். உத்தரத்திலிருந்து சங்கிலி, சங்கிலியில் ஒரு இரும்புக் கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் மானின் பின்னங்கால்கள். வருஷா வருஷம் பார்க்கும் கம்பிதான். அதில் தொங்கிய மானுக்குக் கீழே நின்று நானே போட்டோ எடுத்துக்கொண்டதுண்டு. ஆனால் இன்று அதன் நிறம் கண்ணில் பட்டது. பரணின் அதே பாசிப் பச்சை. ஒரு முனையில் மரத்தைக் கவ்வுவதற்கான பல் வைத்த கவை. மறுமுனையில், ஏணியின் இரண்டு கால்களிலும் பொருந்தும் அகலத்துக்கு, ஒரு குறுக்குத் துண்டில் இரண்டு துளைகள்.

ஏணியின் நடுவிலிருந்து மரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கம்பி அது. அது இல்லாமல் ஏறினால் ஏணி நடுவில் மரத்தைப் பார்த்து வளையும், வளைந்து முறுக்கிக்கொள்ளும், தலை மரத்தை விட்டு விலகும். வெண்டல் விழுந்தபோது சொன்னதும் அதுதான். "நடுவுல வளைஞ்சுது, லவோன்." வலி மருந்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். பிறகு ரோலியின் கதை வந்தது, அவரே அதை நம்பிவிட்டார்.

சங்கிலியை அவிழ்த்தேன். மான் சிமெண்ட் தரையில் பொத்தென்று விழுந்தது. கால்களை உருவிவிட்டு, ரத்தமும் கொழுப்பும் ஒட்டிய கம்பியை அப்படியே தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெண்டல் மூன்றாவது படியில் இருந்தார். அந்த அணில் கடித்த பட்டை தோளில். ரோலி கீழே நின்று, "ஏறு மாப்ள, இப்பதான் பறக்குற எடைக்கு வந்துட்டியே" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"எறங்குங்க" என்றேன்.

என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் பேசாமல் இறங்கினார். நான் கம்பியை ரோலியின் காலடியில் போட்டேன்.

அவன் முதலில் சிரிக்கப் பார்த்தான். "மானை என்ன பண்ணுன?"

"தரையில கெடக்கு. இது என்ன, சொல்லு."

"அது எக்ஸ்ட்ரா பார்ட். பெட்டியில கூடவே வந்துச்சு. அது இல்லாமலே எத்தன வருஷமா நிக்குது, பாக்கல?"

"அப்ப நீ ஏறு."

பிரெண்ட் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரோலி ஒரு படியில் காலை வைத்தான். அவன் ஒல்லி, அவன் சட்டைக்குள் இன்னொருவன் புகுந்துகொள்ளலாம். இரண்டு படி ஏறினான், இன்னும் இரண்டு. நடுப்பகுதிக்கு வந்ததும் ஏணி முனகிக்கொண்டு மரத்தைப் பார்த்து வளைந்தது. அவனுக்கும் வளைந்தது. அத்தனை பேரும் பார்த்தோம். வயிறே இல்லாத மனுஷனுக்கு அது வளைந்தது.

இறங்கிவிட்டான். கையைக் காற்சட்டையில் துடைத்தான். அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியம் இல்லை. கூடப் பிறந்தவளுக்கு அது போதும்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

அவன் வெண்டலைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "விழுந்த அன்னைக்கே."

அன்று சாயங்காலமே கராஜுக்குப் போய்க் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தானாம். திரும்ப மாட்டிவிட்டானாம். அதைக் கொண்டுவந்து பரணில் பொருத்தினால், போன வருஷம் ஏன் இல்லை என்று எல்லோரும் கேட்பார்களே. அதனால்தான் அந்தக் கதை. முதலில் ஒரே ஒரு தடவைதான் சொன்னானாம், ஜனங்கள் சிரித்தார்களாம், பிறகு நிறுத்த முடியவில்லையாம். இந்தத் தடவை கீழே நன்றாகப் பிடித்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தானாம்.

நான் அவனை அடித்திருப்பேன். கையை ஓங்கியும் விட்டேன். ஊன்றுகோலோடு பாத்ரூமுக்குப் போகத் தவித்த மனுஷன், ஒரு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொன்ன மனுஷன், இவன் கதைக்குச் சிரித்துக்கொடுத்த மனுஷன், எல்லாம் என் கையில் வந்து நின்றது.

வெண்டல்தான் பேசினார். "அப்ப என் வெயிட்டு இல்ல?"

"இல்ல மாப்ள" என்றான் ரோலி.

வெண்டல் தலையை ஆட்டினார். பிறகு தோளிலிருந்த பழைய பட்டையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, வண்டிப் பக்கம் நடந்து போய், பின்பலகையில் உட்கார்ந்தார். "எனக்கு ஏறணும்னு இல்ல" என்றார்.

அதற்கு மேல் நான் சொன்னபடி நடந்தது. பேக்கர்ஸ் ஆட்டம் தொடங்கி முடிந்திருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. பரணைக் கயிறு கட்டித் தரையில் இறக்கிப் படுக்கவைத்தோம். கம்பியை இலையால் துடைத்து, குளவிக் கூட்டைக் குத்தி எடுத்துவிட்டு, ரோலியின் வண்டியில் கிடந்த மரையாணிகளில் பொருந்தியதைத் தேடி முடுக்கினோம். காலடியை மரத்தின் வேரோடு முட்டவைத்து, பிரெண்ட் கயிற்றை இழுக்க, ரோலியும் நானும் அடியிலிருந்து தூக்கிக்கொண்டே நடந்து நிமிர்த்தினோம். கவை மரத்தைக் கவ்வியது. தரையில் நின்றபடியே கம்பியை மரத்தோடு சேர்த்துக் கட்டி, ஏணிக்குக் குறுக்காக இரண்டு கயிறு போட்டு இறுக்கினேன். பிடித்து உலுக்கினேன். அசையவில்லை.

தலையைக் கட்டும் வேலை மட்டும் பாக்கி. பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்து வார்ப்பட்டையை ரோலியின் கையில் திணித்தேன்.

"உங்க பரண நான் கட்டறதா?" என்றான்.

"ஆமா. எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு. கை வளைச்சுக் காட்டிச் சொல்லு."

மாட்டிக்கொண்டான். எந்த வார் எங்கே போகும் என்று தெரியாமல் தொடையில் மாட்ட வேண்டியதைக் கழுத்தில் மாட்டினான். பிரெண்ட் சரி செய்தான். பிறகு ரோலி பாதுகாப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டு, ஏற ஏற அதை மேலே தள்ளிக்கொண்டே போனான். நான் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

இவர்களுக்கு என்று நான் சுட்டுக் கட்டிக்கொண்டு வந்த ஆப்பிள் பை வண்டியில் இருந்தது. தகரத் தட்டில் கத்தி உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். வெண்டல் பெரிய துண்டாக வெட்டிக் கையிலேயே எடுத்துத் தின்றுகொண்டிருந்தார். தின்றுகொண்டே புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ரோலி உச்சிக்குப் போய்விட்டான். பட்டையை மரத்தைச் சுற்றிப் போடுவதற்கு இரண்டு கையையும் விட வேண்டும். போன வருஷம் வெண்டல் இரண்டு கையையும் விட்ட அதே இடம். அங்கே நின்றுவிட்டான்.

"லவோன், புடிச்சிருக்கியா?"

நான் ஏணிக்காலில் பிடியை மாற்றிக்கொண்டேன்.

"லவோன்?" குரல் மெலிந்திருந்தது. "புடிச்சிருக்கதானே?"

காற்றில் ஓக் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. கீழே குனிந்து பார்க்கவும் அவனுக்குத் தைரியம் இல்லை. அவன் பூட்ஸ் படியில் நடுங்குவது என் உள்ளங்கைவரை வந்தது.

"அவ புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா, ரோலி" என்றார் வெண்டல், வாய் நிறையப் பலகாரத்தோடு. "பயப்படாமக் கட்டு."

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், விரல் வெளுக்க. அதை அவனிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.