தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

மகேசன் விசையை இழுத்தான். வெடிக்கவில்லை. உள்ளே ஊசி சோம்பலாக நகர்ந்து ‘டிக்’ என்றதோடு சரி. பனிச்சரிவில் நின்ற மான் தலையைத் தூக்கி இவன் பக்கம் பார்த்தது. பிறகு அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் போயிற்று.

பக்கத்தில் படுத்திருந்த அந்தோணிசாமி, கொஞ்சம் பொறுத்துத் தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தார். பக்குரங்காவில் குடியிருக்கும் மலேசியக்காரர். பல வருடங்களாக வேட்டைக்கு வருகிறவர். தோட்டாவின் அடியில் நகம் பட்ட அளவுக்குத்தான் ஊசியின் தடம் இருந்தது. ஊசி இருக்கும் போல்ட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி மூக்கருகே கொண்டு போனார்.

“என்னா பாஸ், மானுக்கு எண்ணெ தேச்சு குளிப்பாட்டவா வந்தீங்க?”

தேங்காயெண்ணெய்தான். புறப்படுகிற அவசரத்தில் துப்பாக்கி எண்ணெய் தீர்ந்திருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைத்துவிட்டான். இந்த நாட்டில் குளிர்காலமான ஜூன் பிறந்தால் போத்தலோடு உறைந்துவிடும் என்று மனைவி நிருஜா அதைச் சுடுதண்ணீர் டாங்க் இருக்கும் அலமாரிக்குள் வைப்பாள். அவன் கையில் வந்தது உருகிய எண்ணெய். மலைக்குளிரில் அது மெழுகாகி ஊசியைப் பிடித்துக்கொண்டது. பனியில் எந்த எண்ணெயும் பூசியும் பூசாமலும்தான் இருக்க வேண்டும், முடிந்தால் உள்ளே காய்ந்தே கிடக்க வேண்டும் என்றார் அந்தோணிசாமி. இனிச் சொல்லி என்ன.

வீடு இருக்கும் மவுண்ட் ரோஸ்கில்லுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவன் மனதில் நிருஜா சொன்னதுதான் ஓடியது. ஒருதரம் போய் வரட்டும். இறைச்சியோடு வந்தால் துவக்கு வீட்டில் இருக்கும், வெறுங்கையோடு வந்தால் விற்றுவிட வேண்டும். அவன் துப்பாக்கி துடைக்கிற அறைக்குள் அவள் வருவதே இல்லை. வன்னியிலிருந்து வந்தவள், பயம் இருக்கும்தானே என்று நினைத்திருந்தான். பயம் போகட்டும் என்று, எந்தப் பாகம் எதற்கென்று ஒருநாள் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்லியும் கொடுத்தான். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் வெட்டினாள்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் குசினியில் அடுப்படியில் நின்றாள்.

“எண்ணெய் உறைஞ்சு போச்சு. துவக்கில பிழையில்லை, நிருஜா.”

“பிழை ஆரில எண்டு நான் கேக்கேல்லை. இறைச்சி எங்க?”

சொன்னால் நம்பமாட்டாள் என்று போல்ட்டை மட்டும் எடுத்து வந்து மேசையில் வைத்தான். அவள் அதைக் கையில் எடுத்து முகர்ந்தாள். தன் தலைமயிரின் மணம் அதில் வந்ததில் முகம் கொஞ்சம் கோணியது. பிறகு பெருவிரலால் பின்பக்கத்தை அழுத்தித் திருகினாள். கண் யன்னலில் இருந்தது. மூடி கழன்றது, ஊசி வந்தது, ஸ்பிரிங் வந்தது. அவன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழக ஒரு மாதம் பிடித்த வேலை.

போர் முடிந்தபின் முகாமில் இருந்தவள் என்று தெரியும். அதற்கு முன்னால் எங்கே இருந்தாள் என்று இவ்வளவு வருடத்தில் அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

“ஆர் காட்டித் தந்தது?”

“சுடுதண்ணி கொண்டாங்கோ” என்றாள்.

கொண்டு வந்து வைத்தான். அவள் பழந்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பேப்பரில் வரிசையாக அடுக்கினாள். ஸ்பிரிங்கை மட்டும் வைக்கவில்லை. அது அவளுடைய மூடிய கைக்குள் இருந்தது. கைச்சூட்டில் எண்ணெய் உருகி, விரலிடுக்கால் மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.