பச்சையும் ஆரஞ்சும்

யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று அரசுக்காகக் கணக்கெடுக்கும் பெண் சங்கமித்ரா இரண்டாம் முறை விவேக் நகருக்கு வந்தபோது, ஜெராக்ஸ் கடையில் டோரதி மட்டும் இருந்தாள். ஒருமுறை கேட்ட வீட்டிலேயே சில மாதம் விட்டு மறுபடியும் கேட்பது அவர்கள் முறை. கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்ததும் பழைய பதிவு வந்து நின்றது.

"அங்கிள் இல்லியா, ஆன்ட்டி?"

"மாதா திருவிழாவுக்கு முந்தி போயிட்டாரும்மா. ஹார்ட்டு."

சங்கமித்ரா குடும்பத் தலைவர் கிளாரன்ஸ் என்ற வரியை நீக்கிவிட்டு, தயங்கித் தயங்கி அடுத்ததைக் கேட்டாள்.

"நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"இந்தக் கடைதான். வேறென்ன?"

"போன தடவ வீட்டு வேலைனு இருக்கே."

போன தடவை பதில் சொன்னது கிளாரன்ஸ். அவர் லாமினேஷன் மெஷினுக்குள் அட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தார். மறுபக்கம் நின்று வாங்கி ஓரம் வெட்டிக்கொண்டிருந்தாள் டோரதி. "அவ வீட்லதான் இருக்காம்மா. மகாராணி!" என்றார். கத்தரிக்கோலும் கையுமாக அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"அத மாத்திப் போடும்மா. அப்பவும் நான் அவர்கூடதான் வேலை செஞ்சேன்."

"அது அனுப்பியாச்சு, ஆன்ட்டி. இனிமே திறக்காது."

"அனுப்பினது எங்க போகுது?"

சங்கமித்ரா கடைக் கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டினாள். ஊரையும் காலாண்டையும் தேர்ந்தெடுத்தால் வரைபடத்தில் ஒரு தூண் எழும்பியது. சொந்தத் தொழில் பச்சை. அதை ஒட்டி மேலே வீட்டு வேலை, ஆரஞ்சு. அதற்கும் மேலே சம்பளக்காரர்கள், நீலம்.

"டாஷ்போர்டுனு சொல்வாங்க. யார் வேணா பாக்கலாம். பேரெல்லாம் வராது."

"வராட்டி என்ன? அங்கிள் பச்சைல இருக்காரு. நான் ஆரஞ்சுல."

சிரிக்கப்போன சங்கமித்ரா நிறுத்திக்கொண்டாள். "இந்தத் தடவ உங்கள பச்சைல போட்டுட்டேன், ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பின் ஆள் வராத மதியங்களில் டோரதி அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினாள். மைசூரைத் திறந்தாள், கோலாரைத் திறந்தாள். பெண்கள், ஐம்பது வயதுக்கு மேல் என்று சுருக்கினால் பச்சை நூல்போல இளைத்தது. "பாத்தீங்களா?" என்று ஒருநாள் பக்கத்து ஸ்டூல் பக்கம் திரும்பிவிட்டாள். ஸ்டூலில் பேப்பர் கட்டுதான் இருந்தது.

புதிய காலாண்டு ஏறிய அன்று அவசரமாகத் திறந்தாள். பச்சைக்குள் எங்கோ அவள் இருந்தாள், அவர் இல்லை. முதல் தடவை கணக்கெடுத்த கோடைக் காலாண்டுக்குத் திரும்பிப் போனாள். அங்கே அவர் பச்சையில் இருந்தார், அவள் இல்லை. முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். ஒரே மேசையில் இத்தனை வருஷம் நின்ற இருவரும் ஒரே நிறத்தில் நின்ற காலாண்டு ஒன்றுகூட அதில் இல்லை.

கோயில் பாடற்குழு ஓஸ்வால்ட் உள்ளே வந்தார். "ஆன்ட்டி, கலர் பிரின்ட் போடுவீங்களா?"

"எங்ககிட்ட கறுப்பு வெள்ளதான். கலர் மெஷின் வாங்குனா கடை திவால்னு அங்கிள் விடவே இல்ல."

"அவரு ஒரு கஞ்சப் பிசினாரி, ஆன்ட்டி. நல்ல மனுஷன்."

ஓஸ்வால்ட் போனதும் டோரதி திரையைப் பார்த்தாள். கோடைக் காலாண்டு அப்படியே நின்றது. பிரின்ட் கொடுத்தாள்.

தாள் சூடாக வந்து விழுந்தது. நீலம் மட்டும் கருத்திருந்தது. பச்சையும் ஆரஞ்சும் ஒரே சாம்பல். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, எல்லை எங்கே என்று விரலால் தேடினாள். கிடைக்கவில்லை.

லாமினேஷன் மெஷினைப் போட்டு, சூடேறும்வரை காத்திருந்தாள். தாளை உறைக்குள் வைத்து இந்தப் பக்கமிருந்து உள்ளே தள்ளினாள். பிறகு, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் நின்று கை நீட்டி வாங்கினாள்.