வயலுக்குத் திரும்பி வந்த மஞ்சள்

அணைத்து எழுப்பும்போதெல்லாம் செம்மொழியின் போன் முதலில் அவளிடம் ஓர் எச்சரிக்கை சொல்லும். கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்துகள்: இந்தக் கருவியின் பூட்டு திறந்திருக்கிறது, இதை நம்ப வேண்டாம். எழுத்து மறையும் வரை பேசாமல் காத்திருக்க வேண்டும். முதல் தடவை பார்த்தபோது பயந்து அணைத்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது. ஒரத்தநாட்டில் உரக்கடைக்கு மேலே அவள் தனியாகக் குடியிருந்த அறையில், காலையில் அவளிடம் ஏதாவது சொல்வது அது ஒன்றுதான் என்று சில நாள் தோன்றும். நம்பாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒழுங்காக வேலை செய்கிற ஒன்றின் மேல் கோபப்பட முடியவில்லை.

அந்தப் பூட்டைத் திறந்தது அவளேதான். தஞ்சாவூரில் கல்லூரி படிக்கும்போது பழைய போனாக வாங்கியது. அதன் கேமராவில் ஒரு கோளாறு இருந்தது. வெயிலில் எடுத்தால் எல்லாம் மஞ்சள் பூத்துவிடும். ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருந்து அவள் எடுத்த இளம்பயிர் எல்லாம் அறுப்புக்கு நிற்கிற வயலாகத் தெரிந்தது. கம்பெனி அந்த மாடலைக் கைகழுவிவிட்டிருந்தது. அதே போனை வைத்திருக்கிற தமிழ் ஆட்கள் சிலர் இணையத்தில் ஒரு குழுவாக இருப்பதை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். அங்கே நத்தை என்ற பெயரில் ஒருவர் இருந்தார். கம்பெனி கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தானே கட்டிய மென்பொருளை வைப்பதற்கு அவர் வழி சொன்னார். போன் விழிக்கும்போது முதலில் ஓடுகிற சிறிய நிரல் ஒன்று உண்டு, பூட்லோடர். வாசலில் நின்று, உள்ளே வருவது கம்பெனி அனுப்பியதுதானா என்று பார்ப்பது அதன் வேலை. அதன் பூட்டைத் திறந்துவிட்டால் யார் கட்டியதையும் உள்ளே விடும். ஆனால் எழும்போதெல்லாம் அந்த ஆரஞ்சு எழுத்தைக் காட்டும்.

நத்தை கட்டியதைப் போட்டதும் வயல் பச்சையானது. அதைக் குழுவில் எழுதினாள். செம்மொழி என்பது யாரோ தமிழ்ப்பற்றுள்ள பையன் வைத்துக்கொண்ட புனைபெயர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது அப்பா வைத்த பெயர் என்று அவள் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. நத்தை மட்டும், அப்பாவுக்கு வணக்கம் சொல்லுங்க என்று எழுதினார்.

பிறகு ஒவ்வொருவராகப் புதுப் போன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். குழுவில் கடைசியில் நத்தையும் அவளும்தான் மிச்சம். அதிலும் நத்தையின் போன் கீழே விழுந்து உடைந்துபோயிற்று. இருந்தும் மாதம் ஒரு முறை புதிதாகக் கட்டி அனுப்பினார். கையில் போன் இல்லாமல் எப்படி என்று கேட்டதற்கு, கண்ணைக் கட்டிக்கொண்டு சமைக்கிறேன், நீங்கதான் உப்பு பார்த்துச் சொல்லணும் என்றார். அவள் போட்டுப் பார்ப்பாள். போன் உயிர் பெற்று எழுந்தால் ஒரே வார்த்தை எழுதுவாள்: எழுந்துடுச்சு. எழாவிட்டால்: படுத்துடுச்சு. அதற்குப் பிறகு ஸ்பீக்கர் கரகரப்பு, பேட்டரி சூடு, வரைபடத்தில் இடங்காட்டி தடுமாறுவது என்று இரண்டு மூன்று நாள் பேச்சு ஓடும். அவர் எந்த ஊர், என்ன வயது, எதுவும் அவளுக்குத் தெரியாது. கேட்க ஒரு காரணம் வந்ததில்லை. எழுதுவதை வைத்து ஆண் என்று எடுத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசுவார்கள். மற்ற நாட்களில் அந்த அறையில் பேச்சு என்றால் நத்தைதான்.

சிக்கல் வேலையில் இருந்து வந்தது. செம்மொழி கால்நடை மருந்தகம் ஒன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தாள். கோமாரி ஊசி போடுகிற முகாம்களில், ஆய்வாளர் கண்ணுசாமி மாட்டுக்கு ஊசி போட, அவள் மாட்டின் காதில் தொங்குகிற மஞ்சள் வில்லையின் எண்ணைப் போனில் பதிய வேண்டும். அதற்கென்று கொடுத்திருந்த செயலி, பூட்டு திறந்த போனில் திறக்க மாட்டேன் என்றது. நத்தையிடம் சொன்னாள். செயலியின் கண்ணில் படாமல் பூட்டை மறைக்க அவர் ஒரு வழி கட்டிக் கொடுத்தார். கொஞ்ச நாள் ஓடியது. செயலி புதுப்பிக்கப்பட்டதும் கண்டுபிடித்துவிட்டது. இன்னொரு வழி கட்டினார். அதையும் கண்டுபிடித்தது.

கண்ணுசாமி தன் போனைக் கொடுத்துச் சமாளித்தார். ஒரு கையில் ஊசி, மறு கையில் மாட்டின் மூக்கணாங்கயிறு, நடுவில் போன் அடித்தால் எடுக்கவும் முடியாது. "ஏம்மா, உன் போன் மாட்டை விட மிரளுதே. அதுக்கு ஒரு ஊசி போட்டுடலாமா?" என்று முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை புது ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஊர்களில் பெரிய முகாம் தொடங்குகிறது, அதற்குள் செயலி ஓடுகிற போனோடு வராவிட்டால் வேறு ஆளைத்தான் கேட்க வேண்டியிருக்கும் என்று, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேறு போன் வாங்கும் நிலையில் அவள் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

அப்படியென்றால் ஒரே வழி. கம்பெனியின் மென்பொருளைத் திரும்ப ஏற்றி, பூட்டைத் திரும்பப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டால் நத்தை கட்டுவது எதுவும் இந்தப் போனுக்குள் வராது. உப்பு பார்க்க ஆள் இல்லாத சமையலை அவர் எதற்குச் செய்ய வேண்டும்?

அதுகூட அவள் கையில் இல்லை. அந்த மாடலின் அசல் மென்பொருளைக் கம்பெனி தன் தளத்தில் இருந்து எப்போதோ எடுத்துவிட்டிருந்தது. வேறு தளங்களில் கிடந்தவை எதையும் நம்ப முடியவில்லை. துளி மாறியிருந்தாலும், பூட்டிய பிறகு வாசலில் நிற்கிற நிரல் உள்ளே விடாது, திரும்பத் திறக்கவும் வழி இராது, போன் கல்லாகிவிடும். அசலை நிச்சயமாக வைத்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். அதன் மேல்தான் அவர் இத்தனை காலம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கேட்க மனம் வராமல் நாளைத் தள்ளினாள். கடைசியில் புதன்கிழமை, முகாம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது எழுதினாள். வேலைக்காகப் பூட்ட வேண்டியிருக்கிறது, பழைய அசல் கோப்பு உங்களிடம் இருந்தால் வேண்டும். அவ்வளவுதான் எழுதினாள். அவர் படித்துவிட்டார் என்பதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுத் தஞ்சாவூர் போனாள். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஜாஃபர் சாதிக் என்பவர் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். போனை வாங்கி எழுப்பிப் பார்த்து, ஆரஞ்சு எழுத்து மறைகிற வரை பொறுமையாக இருந்தார். கோப்பு தன்னிடம் இல்லை என்றார். இப்போது உள்ளே இருப்பதை வைத்தே பூட்டிப் பார்க்கலாம், சில போன் எழுந்திருக்கும், சில எழாது.

"பூட்டுறது ஒரு நிமிஷ வேலைம்மா. அப்புறம் அது கண்ணு முழிக்கலைன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது."

அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை; உள்ளதைச் சொல்கிறார். அவள் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். திரும்புகிற பஸ்ஸில் நத்தையோடு பேசியது முழுவதையும் அடியில் இருந்து தள்ளித் தள்ளிப் படித்தாள். பூட்டும்போது போனில் உள்ள எல்லாம் அழியும். இதுவும் போய்விடும். எடுத்து வைக்கத் தக்கதாக என்ன இருக்கிறது என்று பார்த்தாள். கரகரப்பு, சூடு, படுத்துடுச்சு, எழுந்துடுச்சு. இத்தனை வருஷத்தில் போனைப் பற்றி இல்லாத வரி ஒன்றே ஒன்று அகப்பட்டது. காய்ச்சலில் கிடந்து ஒரு வாரம் அவள் எழுதாதபோது, உடம்பு சரியில்லையா என்று கேட்டிருந்தார். இல்லை, இடங்காட்டிதான் இன்னும் தடுமாறுகிறது என்று அவள் பதில் எழுதியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே சம்பாப் பயிர் கரும்பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. ஏன் அப்படி எழுதினேன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பஸ் ஒரத்தநாட்டுக்குள் நுழையும்போது பதில் வந்தது. முதலில் கோப்பு. அதன் கீழே இரண்டு வரி.

"முதல் நாளே எடுத்து வெச்ச கோப்பு இது. என்கிட்ட இல்லைன்னு சொல்லிடலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்."

அவள் நின்ற இடத்திலேயே அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இறங்கு, இறங்கு என்று கண்டக்டர் விரட்டினார். இறங்கி, உரக்கடை வாசலில் நின்று, ஏன் அப்படிச் சொல்லவில்லை என்று எழுதப் போய், அழித்துவிட்டு, நன்றி என்று எழுதினாள். அவர் உடனே செய்முறையை அனுப்ப ஆரம்பித்தார். அவள் அறிந்ததுதான். முதலில் கோப்பை ஏற்றுங்க. பூட்டாமலே ஒரு தடவை எழுப்பிப் பாருங்க. முழுசா எழுந்து நின்ன பிறகுதான் பூட்டணும், அவசரப்படாதீங்க. அவசரப்படாதீங்க என்பதை மட்டும் மறுபடி ஒரு முறை அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மருந்தகம் மூடியிருந்தது. கண்ணுசாமி சாவியைக் கொடுத்திருந்தார். உள்ளே மருந்து நெடி. பின்புறம் மாடு கட்டும் இரும்புச் சட்டத்தில் காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது. அலுவலகக் கணினியில் வயரைச் செருகி, போனின் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். நத்தை கட்டியதெல்லாம் ஒரு கோடு நகர்வதற்குள் போயிற்று. கம்பெனியின் சின்னம் வந்து, பழைய வரவேற்பு இசை ஒலித்தது. அந்த இசையை அவள் மறந்தே போயிருந்தாள்.

இனிப் பூட்ட வேண்டியதுதான். ஆனால் கை வேறு வேலை செய்தது. நத்தை ஒவ்வொன்று அனுப்பும்போதும் அவள் செய்கிற சோதனைகளை அது வரிசையாகச் செய்துகொண்டு போயிற்று. திருப்பூருக்கு ஒரு அழைப்பு. ஸ்பீக்கர். விரல் ரேகை. இடங்காட்டி. டார்ச். கம்பெனி கட்டியதைச் சோதித்து யாரிடம் சொல்லப் போகிறாள்? தெரிந்தும் செய்தாள். மதிய வெயில் ஜன்னலில் இருந்து மேசைக்கு வந்து, மேசையில் இருந்து சுவருக்கு ஏறிவிட்டது. பூட்டாமல் இருக்கும் வரை, இதை அழித்துவிட்டு அவர் கட்டியதையே மறுபடி ஏற்றிவிடலாம். நாளைக் காலை போன் இல்லை என்று சொல்லிவிடலாம்.

கடைசியில் கணினியில் அந்த ஒரு வரிக் கட்டளையைத் தட்டினாள். நிச்சயமாகப் பூட்டட்டுமா, எல்லாம் அழியும் என்று போன் கேட்டது. ஆம் என்பதற்கு ஒலிப் பொத்தானால் இறங்கி வர வேண்டும். வந்து அழுத்தினாள்.

திரை இருண்டது. பழக்கத்தில் அவள் ஆரஞ்சு எழுத்துக்காகக் காத்திருந்தாள். எழுத்து வரவில்லை. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நேராகக் கம்பெனியின் சின்னம் வந்து நின்றது. புதிதாக வாங்கிய போனைப் போல அவள் பெயர் என்ன என்று கேட்டது.

முகாம் செயலியை ஏற்றிப் பார்த்துவிட்டு, பேசுகிற செயலியையும் மறுபடி ஏற்றித் தன் எண்ணில் நுழைந்தாள். நத்தையின் பெயர் இருந்தது. கீழே ஒன்றுமே இல்லை, வெள்ளை. அதில் முதல் வரியாக எழுதினாள்: எழுந்துடுச்சு.

சரி என்று வந்தது. பிறகு, எச்சரிக்கை வருதா? வரலை. செயலி திறக்குதா? திறக்குது. நல்லது. அதற்கு மேல் இரண்டு பக்கமும் எழுத ஒன்றும் இருக்கவில்லை. கோளாறு இல்லாத போனைப் பற்றி என்ன பேசுவது? மருந்தகத்தைப் பூட்டிவிட்டு, இருட்டுவதற்கு முன் அறைக்கு வந்து சேர்ந்தாள்.

திங்கட்கிழமை முகாம் நன்றாகவே நடந்தது. வில்லைக்கு நேரே போனைக் காட்டக் காட்டச் செயலி எண்ணை விழுங்கிக்கொண்டே போனது. கண்ணுசாமி, "பரவாயில்லையே, மிரட்சி தெளிஞ்சுடுச்சு" என்றார். அவள் சிரித்தாள். பத்து மணி வாக்கில் அவர் டீ குடிக்கப் போனார். அவள் வாய்க்கால் கரையில், ஊசிக்குக் காத்து நின்ற ஒரு செவலைப் பசுவின் பக்கத்தில் தனியாக நின்றாள். பசுவுக்குப் பின்னால் வயல். சும்மா கேமராவைத் திறந்தாள்.

வயல் முழுவதும் மஞ்சள். கதிர் வராத பயிர் நாளைக்கு அறுக்கலாம் போல நின்றது. போனைத் தாழ்த்திப் பார்த்தால் பச்சை. உயர்த்தினால் மஞ்சள்.

நேற்று மூடிய அறைக்குள் எல்லாவற்றையும் சோதித்தவள் இந்த ஒன்றை வெயிலில் பார்க்க மறந்திருந்தாள். நத்தைக்கு எழுதினாள்: மஞ்சள் திரும்பி வந்துடுச்சு.

கொஞ்ச நேரம் கழித்து வந்தது. "அதை இனி நான் சரிபண்ண முடியாதுங்க."

"தெரியும். சும்மா சொன்னேன்."

சும்மா என்று அவள் இதுவரை அவருக்கு எழுதியதில்லை. அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"படம் அனுப்புங்க. பார்க்கிறேன்."

அவள் பசுவும் வயலும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள். பார்த்தபோது பசுவின் வயிற்றின் மேல் அவளுடைய நிழல் விழுந்திருந்தது. போனை உயர்த்திப் பிடித்த கை, காற்றில் கலைந்த முடி. அதை வெட்ட விரல் போயிற்று. வெட்டாமல் அப்படியே அனுப்பினாள்.