வீரையனுக்கு முன்னால் ஒரு சொல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, ஒரு ஃபிளெக்ஸ் பேனரிலிருந்து வந்தது. திருவிடைமருதூர் பக்கம் ஒரு சாவு வீட்டு வாசலில் கட்டியிருந்தார்கள். பெரிய மீசை வைத்த மனிதரின் படம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே சிவப்பு எழுத்தில் ‘சிஸ்டர் வீரம்மாள்’.

சிரித்துவிட்டேன். அந்தப் பாவம்தான் இப்போது இதை எழுத வைத்திருக்கிறது. செத்தவர் பெயர் வீரையன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் கனிமொழியின் அப்பா. நான் அங்கே தமிழாசிரியர். யார் செத்தாலும், யார் ரிட்டையர் ஆனாலும் நாலு வரி எழுதிக் கொடுக்கிற ஆள். இருபத்தெட்டு வருஷமாக எழுதி எனக்கே அலுத்துவிட்டது. செத்தவர்கள் எல்லாரும் என் கையில் ஒரே மாதிரி நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: ‘காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் ஓர் எளிய விவசாயக் கூலியின் மகனாகப் பிறந்து’ (வேண்டாம். போன மாதம்தான் இதே வரியை ஒரு ரேஷன் கடை ஊழியருக்குப் போட்டேன்.)

இரண்டாவது: ‘எல்லையில் துப்பாக்கி ஏந்திய அந்தக் கரங்கள்’ (பொய். வீரையன் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்ததைவிட படுக்கையில் கிடந்தவர்களுக்குப் பெட்பேன் பிடித்ததுதான் அதிகம்.)

சரி, நடந்ததை நடந்தபடி சொல்லித் தொலைக்கிறேன். வீரையன் பதினேழு வருஷம் ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்சிங் அசிஸ்டெண்ட். ஹவில்தாராக வெளியே வந்தார். வந்தவர் வயலுக்கும் போகவில்லை, வாட்ச்மேன் வேலைக்கும் போகவில்லை. தஞ்சாவூருக்கு வெளியே முன்னாள் படைவீரர்களுக்கான ஓர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்தார். அங்கே இருபத்துநாலு வருஷம். கால் போனவர், கண் போனவர், நினைவு போனவர் எல்லாரையும் குளிப்பாட்டினார், புண் கழுவினார், போய்ச் சேர்ந்தவர்களுக்குத் தாடை கட்டிக் கண்ணையும் மூடிவிட்டார்.

ஆண் நர்ஸை ஆஸ்பத்திரிகளில் ‘பிரதர்’ என்பார்கள். அந்த வார்டு மட்டும் அவரைச் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிட்டது. பேனருக்கும் அங்கிருந்தவர்கள் ‘சிஸ்டர் வீரையன்’ என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர், ஏதோ தப்பாக எழுதிவிட்டார்களாக்கும் என்று வீரையனை வீரம்மாளாகத் திருத்திவிட்டார். மீசையைப் பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, “போட்டோ வாட்ஸப்ல தனியா வந்துச்சுங்க” என்றாராம்.*

* அவரைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் திருத்தியிருப்பேன்.

3

இனி கனிமொழி. (இவளை இந்த இடத்தில் அழவைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் அவள் அழவில்லை. பேனரைத் தன் கையாலேயே கிழித்து, மடித்து, மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் போட்டாள்.)

பத்தாம் நாள் இல்லத்திலிருந்து போன் வந்தது. வார்டு வாசலில் கல் பதிக்கப் போகிறார்களாம், ‘சிஸ்டர் வீரையன் வார்டு’ என்று. வீட்டார் சரி என்றால் பதினாறாம் நாளே திறப்பு. கனிமொழிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்பாவை எரித்த பிறகும் விடமாட்டார்களா? ஹவில்தார் வீரையன் என்று போட்டால் என்ன கேடு? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று ஆபீஸ் ஆபீஸாக நின்று கால் வேறு கடுத்தது. “நீங்க வந்து எடுத்துச் சொல்லுங்க சார்” என்று என்னையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

வார்டில் முதல் கட்டிலில் சுபேதார் நெய்னா முகம்மது உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்திரண்டு. சர்க்கரை நோய் வலது காலையும் பாதிப் பார்வையையும் கொண்டுபோயிருந்தது.

“வாங்கம்மா. வீரையன் மகதானே? குரல் அப்படியே இருக்கு.”

“நான் இன்னும் பேசவே இல்லீங்க ஐயா.”

“அப்ப நடையாத்தான் இருக்கும். உக்காருங்க.”

அவள் உட்காரவில்லை. “அந்தப் பேரு வேணாங்க ஐயா. ஊரே சிரிச்சிருச்சு. அவரு ஹவில்தார். அதைப் போடுங்க.”

“இங்க பதினோரு ஹவில்தாரு கெடக்குறாங்கம்மா. ஹவில்தார்னு ஒரு சத்தம் குடுத்தா பதினோரு பேரும் திரும்பிப் பாப்பாங்க. எந்திரிச்சு வர ஒருத்தரும் இல்ல.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “மொதல்ல அப்படிக் கூப்பிட்டது நான்தான். கால் எடுத்த மறுநாளு. அரை மயக்கம். படுக்கையிலயே போயிட்டேன். நூறு பேரை அதட்டுன சுபேதாரும்மா நான்! வெக்கத்துல செத்துட்டேன். சிஸ்டர், சிஸ்டர்னு கத்துனேன். யாரோ வந்தாங்க, மூஞ்சி சுளிக்காம கழுவிவிட்டு, கைலி மாத்திவிட்டாங்க. தெளிஞ்சு பாத்தா மீசை! மன்னிச்சுக்கங்கன்னேன். அதுக்கு அவரு…”

“வேணாங்க!” கனிமொழி கையைக் காட்டித் தடுத்தாள். “அப்பா என்ன சொன்னாருன்னு சொல்லாதீங்க. அவருக்கு அந்தப் பேரு புடிக்காது. வீட்டுல ஒரு நாளும் அந்த வார்த்தைய அவரு எடுத்ததில்ல.”

ஆகவே வீரையனின் பதில் இந்தக் கதையில் இல்லை. அவருக்கான இடம் இது:

[                    ]

வெளியே வந்ததும் என்னையும் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் கதையில எதையாவது சேத்துடாதீங்க சார். செத்தவர் வாயில வார்த்தைய வைக்காதீங்க.” சரி என்றேன். அவருக்கென்று நல்ல வசனம் ஒன்றை யோசித்து வைத்திருந்தேன், வீணாகப் போயிற்று.

4

முடிவு ஒன்று: கனிமொழி மனம் மாறி, சுபேதாரின் கையைப் பிடித்துக்கொண்டு (இதை எழுதினால் அவளே என் கையை ஒடிப்பாள்.)

முடிவு இரண்டு: கல்லில் ஹவில்தார் இருக்கும், கிழவர்கள் வாயில் சிஸ்டர் இருக்கும். (சமரசம். திரும்பி வரும் பஸ் ஆட்டத்தில் எனக்கு உடம்பு முடியவில்லை, அதனால் இதுவே போதும் என்று தோன்றுகிறது.)

முடிவு மூன்று எழுதுவதற்குள் பஸ் தாராசுரம் தாண்டிவிட்டது. பக்கத்தில் இருந்த கனிமொழி பேசினாள்.

“அப்பா எங்க ஸ்கூலுக்கு ஒரே ஒரு தடவதான் வந்தாரு சார். நான் ஏழாவது படிச்சேன். கேட்டுல நின்ன ஒரு பட்டாளத்துத் தாத்தா, ‘சிஸ்டர், இங்க எங்க?’ன்னு சத்தமாக் கூப்பிட்டுட்டாரு. கிளாஸே சிரிச்சுது. வருஷம் பூரா எனக்கு சிஸ்டர் பொண்ணுன்னு பேரு.”

நோட்டை மூடிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன்.

“அன்னைக்கு சாயங்காலம் சொன்னேன். இனிமே ஸ்கூல் பக்கம் வராதீங்க, அந்தப் பேரு நம்ம வீட்டுக்குள்ள வரவே கூடாதுன்னு.” முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். “‘சரிம்மா’ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவரு வாயில அந்த வார்த்தை வரல. அவருக்குப் புடிக்கலன்னு இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க. புடிக்காதது எனக்குத்தான் சார்.”

பிறகு, என் கையிலிருந்த நோட்டைக் காட்டி, “அந்தச் ‘சரிம்மா’வ மட்டும் எழுதிக்கங்க. அது அவரு சொன்னதுதான்” என்றாள்.

எழுதிக்கொண்டேன். இந்தக் கதை முழுவதிலும் வீரையன் பேசியது அந்த ஒரு சொல்தான்.

5

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது அவள் போன் அடித்தது. கல் செய்யும் கிரானைட் கடைக்காரர். “டீச்சர், வீரையன்னு வெட்டியாச்சுங்க. மத்தத இல்லத்துல உங்களையே கேட்டுக்கச் சொல்லிட்டாங்க. முன்னாடி என்ன போடணும்னு சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே முடிச்சுருவேன்.”

கனிமொழி போனை என்னிடம் நீட்டினாள். “நீங்க சொல்லுங்க சார்.”

நான் வாங்கவில்லை. செத்தவர்களுக்கெல்லாம் பட்டம் கட்டிக் கட்டிச் சலித்த வாய் இது. இந்த மனிதருக்கும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. போன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறது. கதையை இதற்குமேல் நகர்த்த என்னால் ஆகாது. நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், லைனில்தான் இருக்கிறார்.

“ஹலோ… யோசிச்சே சொல்லுங்க,” என்கிறார் அவர். “கல்லுங்க இது. வெட்டிட்டா அப்புறம் திருத்த முடியாது.”