கறையான் பானை

அன்னவாசலுக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளி இருந்த தன் வீட்டில், அந்த ஆடியிலும் ஆவணியிலும் ஆண்டிச்சாமி பேசிய பேச்செல்லாம் பதினொரு கோழிக்குஞ்சுகளோடுதான். தாய்க்கோழி காத்தாயி வளர்த்தது. காத்தாயி அவர் மனைவி. மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நொய்யை மட்டும் தின்று வளரும் குஞ்சுக்கு இறக்கை தொங்கிவிடும், கறையான் போட்டால்தான் நிமிரும். அதற்கு ஒரு விரிசல் பானை போதும். வைக்கோல், காய்ந்த சாணி, சாக்குத் துண்டு இவற்றைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, பொழுது சாயும்போது கறையான் ஓடும் மண்ணாகப் பார்த்துக் கவிழ்க்க வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன் நிமிர்த்தினால் உள்ளே வெள்ளையாக நெளியும்.

காத்தாயி இந்தப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரை மேட்டுக்குப் போவாள். போக அரை மைல், வர அரை மைல். பேச்சுத் துணைக்காகப் போகிறாள் என்று ஆண்டிச்சாமி நினைத்திருந்தார். கேட்டதில்லை. பானை தன் கைக்கு வந்ததும் வீட்டின் பின்சுவரை ஒட்டியே கவிழ்த்தார். மூன்றாம் நாளே நிறைந்தது.

"இதுக்குப் போயி அம்புட்டுத் தூரம் நடந்தியே" என்று தாய்க்கோழியைப் பார்த்துச் சொன்னார். அது தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மண்ணைக் கிளறியது. ஒன்றரை மாதம் அப்படியே போயிற்று.

ஒரு புதன்கிழமை குளத்தூரிலிருந்து கார்டு வந்தது. அங்கே கட்டிக்கொடுத்த ஒரே மகள் செவந்தி எழுதியிருந்தாள்.

'அப்பாவுக்கு. பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. இருவரும் சுகம். பதினாறாம் நாள் தூளி கட்ட ஆத்தாவின் ஊதாச் சேலை வேண்டும். வெள்ளிக்கிழமை பிச்சைமுத்து மாமா இங்கே வருவதாகக் கேள்வி. அவரிடம் கொடுத்தனுப்பவும்.'

கார்டைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் விலாசம்தான் இருந்தது. வாருங்கள் என்று எங்கும் இல்லை.

காத்தாயியின் கருமாதி அன்று, பந்தியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் செவந்தி கேட்டாள்: "ஆத்தாளுக்கு என்ன நோவுன்னு ஒரு நாளாச்சும் கேட்டிருக்கீங்களாப்பா?" அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவளிடமிருந்து வந்த முதல் எழுத்து இது. இந்தச் சேலை போய்ச் சேர்ந்தால் இன்னொரு கார்டு வரும், அதில் வாருங்கள் என்று இருந்தாலும் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை கள்ளிப்பெட்டியைத் திறந்தார். அவள் போன பிறகு அதை அவர் தொட்டதில்லை. சேலை மேலாகவே மடித்துக் கிடந்தது. கையை விட்டுத் தூக்கினார். மேல் மடிப்பு மட்டும் கையோடு வந்தது, ஒன்றரை முழம் இருக்கும். மற்றதெல்லாம் ஈரமண்ணும் பொடியுமாக உதிர்ந்தது. பெட்டியின் அடிப்பலகை சல்லடையாக இருந்தது; அங்கிருந்து பின்சுவர் வரை விரல் தடிமனில் மண்கோடு ஓடியது.

உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக நெளிந்தது. அதைக் கண்டு குஞ்சுகள் வாசற்படி ஏறி வந்தன. அவர் விரட்டவில்லை.

பக்கத்து வீட்டு மூக்காயி மோர் கொண்டுவந்தவள் நிலையில் நின்றாள்.

"என்னண்ணே, குஞ்சுகளுக்கு வீட்டுக்குள்ளயே விருந்தா?" என்றவளின் குரல் பெட்டியைப் பார்த்ததும் மாறியது. "பானைய எங்கிட்டுக் கவுத்தீக?"

"பின்னால. சொவரோரம்."

"அடப் பாவி மனுசா! சாணிய வச்சு, தண்ணியத் தெளிச்சு, வெத்தல பாக்கு வைக்காத கொறையா வீட்டுக்குள்ள அழைச்சிருக்கீகளே. மதினி எதுக்குக் கம்மாக்கரைக்கு நடந்துச்சுன்னு நெனச்சீக?"

"ஒங்க கூடயெல்லாம் பேசத்தான்னு…"

"பேசவா? நல்லா பேசுச்சு! நாங்க பத்து வார்த்தை பேசுனா அது ஒண்ணு பேசும். 'வீட்டோரம் வச்சா வீடு நிக்காது மூக்காயி'ன்னு அதான் எனக்கே சொன்னுச்சு. நீங்க கேட்டிருந்தா ஒங்களுக்கும் சொல்லியிருக்கும்ல?"

ஆண்டிச்சாமி கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்து மறுபடியும் மடித்தார்.

"கம்மாக்கரையில எந்த எடத்துல கவுக்கும்?" என்று கேட்டார்.

மூக்காயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கெழக்க, ஒத்தப் பனைக்கு அங்கிட்டு" என்றாள் மெதுவாக.

அன்று பொழுது சாயப் பானையைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்தார். இடுப்பில் நிற்கவில்லை, தோளில் வைத்துக்கொண்டார். வழியில் எதிரே யாரும் வரவில்லை. ஒற்றைப் பனைக்கு அந்தப் பக்கம், மேட்டில் வட்ட வட்டமாகப் பானை வாய் அழுத்திய தடங்கள் கெட்டிப்பட்டுக் கிடந்தன. அதில் ஒன்றில் பானை சரியாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காத்தாயியின் தம்பி பிச்சைமுத்து வந்தான்.

"மச்சான், சேலையக் குடுங்க. பஸ்ஸு வந்துரும்."

"சேலை இல்லப்பா. கறையான் தின்னுருச்சு. நான் வச்ச பானைதான்."

"அடடா. சரி விடுங்க, நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

"சேலைன்னா குடுத்துவிடலாம். இத எப்படிக் குடுத்துவிடுறது?" ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "நானே வாரேன்."

"செவந்தி ஏதாச்சும் பேசிப்புடுச்சுன்னா?"

"பேசட்டும். கேட்டுக்கிறேன்."

கரையில் இருக்கும் பானையைக் குஞ்சுகளுக்குத் தட்டிவிடும்படி மூக்காயியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். புதுக்கோட்டையில் பஸ் மாறியதும் பிச்சைமுத்து தூங்கிப்போனான். மடியில் அந்த ஒன்றரை முழம் இருந்தது. தூளிக்குப் பற்றாது. முதலில் சேலையைச் சொல்வதா, மற்றதைக் கேட்பதா என்று யோசித்துக்கொண்டே வந்தார். கேட்பதுதான் முதலில் என்று தோன்றியது.

"ஒடம்புக்கு எப்படித்தா இருக்கு?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்லிப் பார்த்தார். யாரையோ அதட்டுவது போல இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்.