எண்பது வீட்டுக்குப் போன காகிதம்

அழைப்பிதழ்களைக் கொடுத்து முடித்த ஐந்தாம் நாள் காலை, இபு ஹெஸ்தி என் பட்டறைக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"நார்சி, நேத்து கூட்டத்துக்கு மூணே பேர்தான் வந்தாங்க. அதுல ரெண்டு பேர் பந்தல்காரங்க."

வாழைப்பட்டைக் கூழில் முழங்கை வரை விட்டிருந்த கையை நான் வெளியே எடுக்கவில்லை. கட்டியே இல்லாத கூழை மறுபடி கலக்கினேன்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், பத்து நாளுக்கு முன்பே அந்த வீட்டில் கூட்டம் கூடும். யார் பந்தலைப் பார்ப்பது, யார் வண்டிகளை ஒழுங்கு செய்வது, யார் தேநீர் தருவது என்று சிரிப்பும் சண்டையுமாகப் பிரித்துக்கொள்வார்கள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பெண்கள் அவரவர் கத்தியோடு சமையலுக்கு வந்துவிடுவார்கள். கூலிக்கு ஆள் வைத்தும் நடத்தலாம். அப்படி நடந்த ஒரே கல்யாணத்தைப் பற்றி இருபது வருஷம் கழித்தும் ஊர் பேசிக்கொண்டிருக்கிறது.

இபு ஹெஸ்தி செமராங் நகரத்தில் வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, மூன்று வருஷத்துக்கு முன்பு எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். ஒரே மகள் காலு. நகரத்தில் மண்டபம் பிடிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் கெஞ்சியும், கல்யாணம் இந்தத் தெருவில்தான் என்று ஒற்றைக் காலில் நின்றவர். தெருவில் மூத்த பெண்கள் எல்லோரும் எங்களுக்கு 'யூ', அக்கா; அவர் மட்டும் 'இபு', அம்மா.

"நான் யாரை என்ன சொன்னேன்? எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் போறேன், வர்றேன். யார்கிட்டயாவது குரலை உசத்தியிருக்கேனா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல இபு..." என்று இழுத்தேன்.

மேசையில் காய்ந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த பார்மி, கையிலிருந்த கட்டைத் தொப்பென்று போட்டாள். ஆறு வருஷமாக என் பட்டறையில் வேலை செய்பவள். வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது. சில நாட்களாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். பல்வலி என்று நினைத்திருந்தேன்.

"என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா இபு? எங்களுக்குக் காகிதம் வந்துச்சு. சோறு வரல."

"சோறா?"

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் சொந்தக்காரங்களுக்கும் சோத்துப் பெட்டிதான் போகணும். அதுதான் அழைப்பு. வாங்கிச் சாப்பிட்டுட்டா வந்து வேலை செஞ்சே ஆகணும். காகிதம் ஆபீஸ்காரங்களுக்கு. செமராங்ல இருக்கிறவங்களுக்கு. வந்தியா, போட்டோ எடுத்தியா, கிளம்புன்னு. எதிர் வீட்டு யூ ரசினாவுக்குக் காகிதம் கொடுத்தா என்ன அர்த்தம்? நீ எனக்கு யாரோன்னு அர்த்தம்."

இபு ஹெஸ்தியின் கை வாய்க்குப் போனது. "உனக்கும்..."

"எனக்கும்தான். நானே கூழ் அடிச்சு, நானே காய வச்ச காகிதம். அதுல என் பேரை எழுதி என் கையிலயே கொடுத்தீங்க. அழகாத்தான் இருந்துச்சு."

இபு ஹெஸ்தி மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நார்சி. தெருவுக்கும் கொடுக்கலாமான்னு நான் உன்கிட்ட கேட்டேனே."

கேட்டார். இதே இடத்தில் நின்றுதான் கேட்டார். 'எல்லாருக்கும் கொடுங்க இபு, ஒரு வீட்டையும் விடாதீங்க' என்றேன்.

வழக்கம் எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவில் பிறந்து இதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள் நான். சோற்றுப் பெட்டிகளைத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தே வளர்ந்தவள். ஆனால் அந்த நேரத்தில் நான் இருந்த நிலைமை வேறு.

வாழைப்பட்டைக் கூழில் பெரணி இலையை வைத்துக் காய வைத்த தாள்தான் என் பட்டறையைத் தூக்கி நிறுத்தியது. குறிப்பேடு, கடித உறை, அழைப்பிதழ் என்று நாலு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகு நகரத்து அச்சகம் ஒன்று என் தாளைப் படம் பிடித்து, வழுவழுப்பான அட்டையில் அப்படியே அச்சடித்து விற்க ஆரம்பித்தது. கையால் தொட்டால்தானே வித்தியாசம் தெரியும்? யாரும் தொடவில்லை. கைப்பேசியில் பார்த்தார்கள், மலிவானதை வாங்கினார்கள்.

புதிதாக ஏதாவது செய்ய வேண்டும். எட்டு மாதம் மண்டையைக் கசக்கினேன். காப்பிச் சக்கையைக் கலந்தேன், சேறு மாதிரி வந்தது. வெங்காயத் தோல் போட்டேன், பட்டறை முழுக்க நாறியது. சங்குப்பூவின் நீலம் ஒரே வாரத்தில் சாம்பலாகிப் போனது. அப்படி இருந்தபோதுதான் இபு ஹெஸ்தி வந்து பெரணித் தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, "எனக்கு இதுதான் வேணும்" என்றார். அந்த ஒரு சொல்லில் என் புத்தி பேதலித்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வாங்கிய என் காகிதத்தை என் தெரு ஒருநாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. இந்த ஒருமுறை எண்பது வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"தெரியும் இபு," என்றேன். "தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்படியா," என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த செருப்போடு திரும்பிப் போனார்.

பார்மி என்னை முறைத்தாள். "கூழ்ல ஊறினது போதும். கையை எடு யூ. தோல் உரிஞ்சிடப் போகுது."

"இப்ப சோறு அனுப்பினா?"

"நாம மூஞ்சியைத் தூக்கினதால சோறு வந்துச்சுன்னு சொல்லுவாங்க."

"நான் கொண்டுபோறேன். நான்தான் தப்பா சொல்லிக் கொடுத்தேன்னு ஒவ்வொரு வீட்லயும் சொல்றேன்."

"ரசினா உன்னைக் கிழிச்சுத் தொங்கவிடும்."

"விடட்டும்."

தொப்பென்று போட்ட கட்டைப் பார்மி எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். "அதைப் பார்க்கவாவது நான் கூட வர்றேன்."

நாங்கள் போனபோது இபு ஹெஸ்தி நகரத்துச் சமையல்காரர் ஒருவரிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய படம் திரையில் தெரிந்தது: வெள்ளை அட்டைப் பெட்டி, மேலே சிவப்பில் கடையின் பெயர். பார்மி எட்டிப் பார்த்துவிட்டு, "இதை அனுப்பறதுக்குப் பேசாம இருக்கலாம்," என்றாள். நான் சமைப்பதாகச் சொன்னேன். இபு ஹெஸ்தி கைப்பேசியை அணைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும், "எத்தனை கிலோ அரிசி?" என்று கேட்டார். வங்கிக்காரர். அழுது முடித்ததும் ஏற்பாட்டுக்கு வந்துவிட்டார்.

சந்தையில் எண்பது மூங்கில் பெட்டி வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை சமையல் என்று முடிவாயிற்று. நடுவில் இரண்டு நாள் இருந்தது. கூழ் வீணாகக் கூடாது என்று முதல் நாளே பார்மியும் நானும் தாள் எடுத்தோம். பெட்டிகளைப் பார்மி காயப்போடும் பலகைகளுக்குக் கீழே வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். மெர்பாபு மலையிலிருந்து மத்தியானத்தில் அடிக்கும் காற்று, பலகையில் சரியாக ஒட்டாத ஈரத் தாள் ஒன்றை உரித்துக் கீழே போட்டது. அது ஒரு பெட்டியின் மேல் விழுந்து படிந்துகொண்டது. நாங்கள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அதைப் பார்த்து எடுக்கப் போனேன். கிழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். முழுசாக வந்தது. மூங்கில் முடைச்சல் அப்படியே தாளில் பதிந்திருந்தது. ஒவ்வொரு கீற்றும் மேலே ஏறி, கீழே இறங்கி, மூலைகளில் மடங்கி, பெட்டியின் முகத்தைக் காகிதம் வாங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தேன். இதை எந்த அச்சகத்தாலும் படம் பிடிக்க முடியாது. பிடித்தாலும் விரலுக்குத் தெரியாது.

"பார்மி."

"என்ன?"

"இங்க வா."

அவள் தாளைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவு கோபத்திலும் அவள் விரல் இரண்டாவது தடவை போயிற்று. "சோத்துப் பெட்டிக்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கு," என்றாள்.

"எல்லாப் பெட்டிக்கும் போட்டுடலாம்."

அன்றைக்கு ராத்திரியே நாற்பது, மறுநாள் வெயிலில் நாற்பது. பெட்டிகளையே அச்சாக வைத்து எண்பது தாள் எடுத்தோம். இபு ஹெஸ்தி வந்து பார்த்தார். "இதுல ஒரே ஒரு வரி எழுதலாமா? மன்னிச்சுக்குங்கன்னு?"

"மறுபடியும் எழுத்தா?" என்றாள் பார்மி.

"வேணாம் இபு," என்றேன். "உள்ள சோறு இருக்கு. சொல்ல வேண்டியதை நான் வாயால சொல்றேன்."

முதல் பெட்டி யூ ரசினாவுக்கு. தெருவில் எந்தக் கல்யாணமானாலும் அடுப்படி அவர் கையில்தான். அவர் வந்தால் பின்னாலேயே பத்துப் பேர் வருவார்கள். வராவிட்டால் யாரும் வரமாட்டார்கள். நாங்கள் போனபோது கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன, இன்னொரு காகிதமா? முதல்ல வந்ததையே இன்னும் தின்னு முடிக்கல."

"சோறு யூ. இபு ஹெஸ்தி கொடுத்தனுப்பினாங்க. காலு கல்யாணத்துக்கு."

"இப்பதான் பசி தெரிஞ்சுதாக்கும்."

"அவங்க என்கிட்ட கேட்டாங்க. தெருவுக்குக் காகிதம் கொடுக்கலாமான்னு. நான்தான் கொடுங்கன்னேன். அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

யூ ரசினா நிமிர்ந்தார். தவிடு ஒட்டிய கையை இடுப்பில் வைத்தார். "அந்தம்மா டவுன்காரங்க. நீ இங்க பொறந்தவதானே? ஏன்டி அப்படிச் சொன்ன?"

தயார் செய்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் ஓடிப்போயிற்று. "நீங்க யாரும் என் காகிதத்தைத் தொட்டுப் பார்த்ததே இல்ல யூ. உங்க வீட்லயெல்லாம் ஒண்ணு இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"உன் ஆசைக்கு அந்தப் பொண்ணு கல்யாணம்தான் கிடைச்சுதா?"

பெட்டியை அவர் பக்கம் நீட்டினேன். பார்மிகூடச் சிரிக்கவில்லை.

யூ ரசினா கையைக் கழுவிக்கொண்டு வந்து பெட்டியை வாங்கினார். மேலே இருந்ததைத் தடவினார். "என்ன இது, பாயா?"

"காகிதம்."

"பொய் சொல்லாத." நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அதைப் பக்குவமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மூடியைத் திறந்து முகர்ந்தார். உருளைக்கிழங்கும் ஈரலும் போட்ட காரக்குழம்பில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ஈரல் வேகல. யார் சமைச்சது?"

"நாங்க மூணு பேரும்."

"தெரியுது." மூடியைப் போட்டார். "நின்னுக்கிட்டே இருக்காத. மத்த வீட்டுச் சோறு ஆறுது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாய் தின்றிருந்தார். சாயங்காலத்துக்குள் மீதி வீடுகளை முடித்தோம். ஒவ்வொரு வாசலிலும் அதே கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது சுலபமாகவில்லை. சிலர் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் என் கல்யாணத்தில் சோறு குழைந்துபோனதைக்கூட நினைவுபடுத்தினார். பெரியவர் பாக் விர்யோ வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்தோம். அவர்கள் கல்யாணத்துக்குக் கடைசி வரை வரவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, விடிந்ததும் இபு ஹெஸ்தியின் பின்கட்டில் நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு மூட்டை சின்ன வெங்காயம், மலைபோல் தேங்காய், பற்ற வைக்காத நாலு அடுப்பு. ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. இபு ஹெஸ்தி தேநீர்க் கோப்பைகளை மூன்றாவது தடவை துடைத்தார். "சமையல்காரருக்கு இன்னும் நேரம் இருக்கு, கூப்பிட்டா வந்துடுவாரு," என்றார், யாரிடமும் இல்லாமல்.

பக்கவாட்டுப் படல் கிறீச்சிட்டது.

"அடுப்பை எவ இங்க வச்சது? காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கண்ணு தெரியாதா? சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் குருடாகிடுவோம்!"

யூ ரசினா. துணியில் சுற்றிய கத்தி இடுப்பில். பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இரண்டு பேர், பிறகு எண்ண முடியவில்லை. அடுப்புகள் இடம் மாறின. பின்கட்டு பத்தே நிமிஷத்தில் அவர்களுடையதாகிவிட்டது.

"நார்சி எங்க? அவளுக்கு வெங்காயம். ரெண்டு மூட்டையும்."

"ரெண்டுமா யூ?"

"எண்பது வீட்டுக்கு ரெண்டு மூட்டை கம்மிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். பார்மியின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. நான் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி மெல்ல என்னிடம் சாய்ந்து, மகளுக்கு ஏழாம் மாதச் சடங்கு வருகிறது, அந்தப் பாய்க் காகிதம் கிடைக்குமா என்று கேட்டாள். கண்ணில் நீர் வழிய, செய்யலாம் என்றேன். எட்டு மாதமாக ஒன்றுமே தோன்றாத மண்டைக்கு அந்தப் பின்கட்டில் எதைப் பார்த்தாலும் அச்சாகத் தெரிந்தது. முறம், சோறு வேகும் மூங்கில் கூம்பு, கோழிக் கூடையின் அடிப்பாகம். கூழை எதன்மேல் ஊற்றினால் எப்படி வரும் என்று கை தானாகக் கணக்குப் போட்டது.

"வெங்காயத்தைப் பாரு, கூடையைப் பார்க்காத!" என்று யூ ரசினாவின் குரல் வந்தது.

இபு ஹெஸ்தி நடுவில் நின்றுகொண்டிருந்தார். எங்கே கை வைத்தாலும் யாரோ ஒருத்தி அதைப் பிடுங்கிக்கொண்டாள். நாற்பது பேரை வேலை வாங்கியவருக்குத் தன் வீட்டுப் பின்கட்டில் ஒதுங்க இடம் தெரியவில்லை.

"இபு ஹெஸ்தி!" என்று யூ ரசினா கத்தினார். "வழியை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க. தேங்காயைத் துருவுங்க, இல்லன்னா நகருங்க!"

மூன்று வருஷத்தில் எங்கள் தெருவில் ஒருவரும் அவரிடம் இப்படிக் குரலை உயர்த்தியதில்லை. அதுவரை எல்லோருக்கும் அவர் மரியாதைக்குரிய புதியவர்தான்.

"எந்தத் துருவியை எடுக்கட்டும்?" என்றார் இபு ஹெஸ்தி.

"மழுங்கினது ஒண்ணு கிடக்கும். நல்லதையெல்லாம் நாங்க எடுத்துக்கிட்டோம்."

அவர் மழுங்கிய துருவியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, உடை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஆறு நாளாகப் பார்க்காத என் முகத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரு நார்சி," என்றார். "எனக்கும் இடம் வேணும்."