அது திறக்குற வரைக்கும்

சந்திரகலா சுவிட்சைத் தட்டிவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் கூடாரம் போடுகிறவர்கள் லோரியிலிருந்து இரும்புக் கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அப்பாவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவார்கள். அதற்குமுன், நாலு மணிக்குள், மரண அறிவிப்பு கிள்ளான் டவுனில் இருக்கும் பத்திரிகை ஏஜண்டின் கைக்குப் போயாக வேண்டும். தப்பினால் நாளைய பேப்பரில் வராது. பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் வரை சிதறிக் கிடக்கும் அப்பாவின் ரயில்வே கூட்டாளிகள், எல்லாம் முடிந்த பிறகுதான் கேள்விப்படுவார்கள்.

"கையால எழுதிக் குடும்மா. நான் கொண்டுபோய்க் குடுத்துடுறேன்லா," என்றார் நாகையா. அப்பாவோடு ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

கூடத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"வேணாம்ணே. இந்தத் தாமான் வீடுகள்ல எத்தன சாவுக்கு இவரு கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்திருக்காரு. அவருக்குன்னு வர்றப்போ கையெழுத்துல போகணுமா?"

காலையிலிருந்து அம்மா கேட்ட ஒரே காரியம் இதுதான். அழவில்லை. அப்பா கண்மூடியதும், "போகட்டும்மா. இனிமே இழுத்து இழுத்து மூச்சு விட வேணாம்," என்று மட்டும் சொன்னாள். ஒரு வருஷமாக, வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இளைத்த சந்திரகலாவுக்கும் அப்போது தோள்பாரம் இறங்கியதைப் போலத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் முக்கிக்கொண்டிருந்தது. பத்திரிகையோடு இலவசமாக வரும் சீடி எதையும் அப்பா சும்மா விட்டவரில்லை. திரையில் நீந்தும் மீன்கள், நேரம் சொல்லும் கிளி, லண்டனில் மழையா வெயிலா என்று சொல்லும் ஒன்று, ஒன்றையொன்று நம்பாத இரண்டு வைரஸ் காவல்காரர்கள். சுவிட்சைத் தட்டினால் எல்லாம் அடித்துப்பிடித்துக்கொண்டு எழுந்துவரும். எடுத்துவிடலாம் என்றால், "அது பாட்டுக்கு இருக்கட்டும்," என்பார். பென்ஷன் வாங்கிய பிறகு அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று சந்திரகலாவுக்கு உள்ளூர எரிச்சல் உண்டு.

ஒருவழியாகத் திறந்தது. அப்பா அடித்துவைத்திருந்த பழைய அறிவிப்பு ஒன்றின் பைலைத் தட்டினாள். மணற்கடிகாரம் வந்து நின்றது, நகரவில்லை.

தான் வேலை பார்க்கும் ஷா ஆலம் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்க வருகிறவர் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். தானாகத் தொடங்கும் புரோகிராம்கள் ஒரு பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சரிக்குறி. குறியை எடுத்துவிட்டால் அது எழுந்து வராது. ஆத்திரத்தோடு கடகடவென்று எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டு, மறுபடி தொடக்கினாள்.

கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்துவிட்டது. போன மாதம் தெருக்கோடி சாத்தப்பனுக்கு அப்பா அடித்த அறிவிப்பும் உடனே திறந்தது. சாத்தப்பன் பெயரை அழித்துவிட்டு அப்பாவின் பெயரை அடிக்கப்போனாள். வந்து விழுந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்து.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தமிழ் விசைப்பலகையும் பின்னாலிருந்து ஓடும் ஒரு புரோகிராம்தான். கிளியோடும் மீனோடும் அதையும் சேர்த்துத் துரத்திவிட்டிருக்கிறாள்.

"என்னம்மா?" என்றார் நாகையா.

"அலாமாக், தமிழ் வரமாட்டேங்குது அங்கிள். நான்தான் எடுத்துத் தொலைச்சிட்டேன்."

அம்மா அறை வாசல்படியில் வந்து நின்றாள்.

பட்டியலைத் திரும்பத் திறந்தாள். எல்லாம் அரைகுறை இங்கிலீஷ் பெயர்கள். ஒன்றுக்குக் குறி போட்டுத் தொடக்கினாள். கிளி வந்து வணக்கம் சொன்னது. அதன் கழுத்தைத் திருகலாம்போல இருந்தது. அடுத்ததற்குப் போட்டாள், லண்டனில் மழை. மூன்றாவது தடவை விசையைத் தட்டியபோது, திரையில் ஒரு 'வே' வந்து உட்கார்ந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தியேவிட்டாள். சாவு வீடு என்ற நினைப்பே இல்லை. நாகையாவும் சிரித்துவிட்டார். வேலாயுதம் என்று அப்பாவின் பெயரை முழுசாக அடித்து முடித்த பிறகுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் அடித்து, காகிதத்தில் எடுத்துக் கொடுத்தாள். நாகையா அதைச் சட்டைக்குள் பத்திரமாகச் செருகிக்கொண்டு கிளம்பினார். சற்று நேரத்தில் டவுனிலிருந்து போன் வந்தது. ஏஜண்ட் வாங்கிக்கொண்டாராம், நாளைக்குக் கட்டாயம் வந்துவிடுமாம். சந்திரகலாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீட்டு வள்ளியம்மா பிளாஸ்க்கில் கோப்பி கொடுத்துவிட்டிருந்தார். அம்மா இரண்டு கப்பில் ஊற்றி எடுத்துவந்தாள்.

"இங்க பாரும்மா, இப்ப எவ்ளோ பாஸ்ட்னு," என்று சந்திரகலா கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பத் தொடக்கிக் காட்டினாள்.

கோப்பி ஒரு வாய் குடிப்பதற்குள் திரை வந்துவிட்டது.

"அதுக்குள்ளயா?" என்றாள் அம்மா. முகம் என்னவோ போல ஆகிவிட்டது. "காலையில இத தட்டி விட்டுட்டு நேரா அடுப்படிக்கு வந்துடுவாரு. அது திறக்குற வரைக்கும் உங்கூட இருக்கேன்னு ஸ்டூல இழுத்துப் போட்டுக்குவாரு. எங்களுக்குப் பேச்சுன்னா அப்பதான். ஒவ்வொரு புது சீடி போட்டப்பவும், இன்னும் கொஞ்சம் லேட்டாகும் இராஜம்மான்னு சிரிப்பாரு."

சந்திரகலா அம்மாவையே பார்த்தாள். இத்தனை வருஷம் அம்மாவுக்காகத் தான் பட்ட ஆதங்கம் எல்லாம் வீண். வீணாகப் போனதில் மனசு லேசாகிவிட்டது.

"என்னம்மா பேசுவீங்க?"

"என்னத்த பேசுறது. மீன் வெல. நீ எப்ப வருவ. அதான்."

சந்திரகலா பட்டியலைத் திறந்து, எடுத்த குறிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டாள். மறுபடி தொடக்கினாள். பெட்டி பழையபடி முக்க ஆரம்பித்தது.

அம்மா ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, கோப்பியை ஊதினாள்.